அக்காவின் அறுபது கிலோ

அக்காவின் எடை அறுபது கிலோ. இது அக்கா சொன்ன கணக்கு. தராசின் கணக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அக்கா தராசில் ஏறி ஒரு தலைமுறை ஆகிறது. முட்டி வலிக்காக மருத்துவமனைக்குப் போனபோது நர்ஸ் எடை பார்க்கும் மெஷினைக் காட்டினாள். நான் சொல்வதை எழுதினால் போதும் என்றாள் அக்கா. நர்ஸும் எழுதிவிட்டாள். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து, ஒரு கூடம் நிறைய ஆட்களைக் குரலாலேயே கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவளிடம் ஒரு நர்ஸ் என்ன பேசிவிட முடியும்?

அந்த அறுபதைக் கட்டிக் காக்கும் பொறுப்பு தங்கையுடையது. ஐம்பதைத் தாண்டியும் அவள் வீட்டில் சின்னவள்தான், தெருவுக்கும் சின்னவள்தான். ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, தொளதொளத்துப்போன பேன்ட்டைப் பிடிப்பதும் இறுகிப்போன சட்டையைப் பிரித்துவிடுவதும் அவள் பிழைப்பு. கல்யாணம் அவளைத் தேடி வரவில்லை, அவளும் அதைத் தேடிப் போகவில்லை. அக்காவின் கணவர் இறந்தபின் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்தார்கள். காலையில் சண்டையோடு எழுந்து, இரவில் சண்டையோடு படுத்து, மிகவும் சௌக்கியமாக இருந்தார்கள்.

வில்லங்கம் முட்டியில் வந்தது. எழுந்து நின்றுவிட்டால் அக்கா கைத்தடியோடு தெருமுனைவரை நடப்பாள். உட்கார்வதிலும் தடையில்லை, பூமி உதவி செய்யும். எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சின்னவள் முன்னால் நின்று, இரண்டு கையையும் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் இழுக்க வேண்டும். சின்னவளோ ஊதினால் பறக்கிற உடம்பு. ஒருநாள் இழுத்தபோது அவளுடைய இடுப்பு பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். எழ முடியாமல், யார் தப்பு என்று படுத்தபடியே வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிவிட்டார். அவர் தூக்கியது மட்டுமல்லாமல் அக்காவின் மகனுக்குப் போனும் போட்டுவிட்டார்.

மகன் வேறு ஊரில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். எதைப் பார்த்தாலும் அது எப்போது விழும், விழுந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்ப்பான். கெட்டவன் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அவன் பல நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

"சித்தி, அம்மா யார் கையையும் பிடிக்காம தானா எழுந்து நிக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அம்மாவைத் தூக்கித் தூக்கி நீங்க படுத்துட்டா, உங்களை யார் பார்க்கிறது?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தள்ள முடியவில்லை. அதுதான் சின்னவளுக்கு ஆத்திரம். அக்கா போய்விட்டால் வீட்டில் சத்தம் இருக்காது. சத்தம் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் இதை அக்காவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "போறதுன்னா போ, எனக்கு என்ன" என்றாள். "நீ சொல்லித்தான் போகணுமா" என்றாள் அக்கா. பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாளே சின்னவள் பட்டறைக்குப் போனாள்.

பட்டறை அதே தெருவில், மூடிக்கிடந்த போட்டோ ஸ்டூடியோவில் இருந்தது. அதை ஆரம்பித்தது மூன்று பேர். மூவருமே வீட்டுச் சாமான்களைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் குடும்பத்தாரால் வெளியே துரத்தப்பட்டவர்கள். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருவர் பல் டாக்டரம்மா. கிளினிக்கைப் பூட்டிய பிறகும் கை எதையாவது துளைக்கத் துடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாமவன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். அவன் எதை ரிப்பேர் செய்தாலும் கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொள்வான். அதனால் அவனுக்குப் பெயரே மிச்சம் என்று ஆகிவிட்டது.

மூன்று பேர் நாற்பது பேரான கதை பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மின்விசிறியை ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவர் அதைப் பிடித்துக்கொள்ள நின்றார். பிடித்துக்கொள்ள நின்றவர் மறுவாரம் சொந்த ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். காத்தாடி செய்ய ஒரு கூட்டம், ரேடியோ கட்ட ஒரு கூட்டம், பிளாஸ்டிக்கை உருக்கி உருவம் செய்யும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து அது எப்போது சிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு கூட்டம். அடுத்த பேட்டைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அவர்கள் பங்குக்கு ஒன்று ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து இன்னொன்று. வேலை முடித்து வீட்டுக்குப் போகாமல் இருக்க மனிதர்களுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் அப்புறம் அதை நிறுத்த முடியுமா?

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அறை நடுவில் ஒரு பெரிய மேசை. அதில் வைத்த பொருளில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம், கேட்க வேண்டியதில்லை. சரியில்லை என்று பட்டதைச் சரி செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மூன்று பேராக இருந்த காலத்தில் அது அருமையான வழக்கம். ஒருவர் செய்ததை மற்ற இருவரும் டீ குடித்துக்கொண்டே பேசித் தீர்த்துவிடுவார்கள். நாற்பது பேரானபோது காலையில் வருபவருக்குச் சாயங்காலம் வருபவரின் முகமே தெரியாது. ஆனால் வழக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பழைய சட்டையையே மாட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையைப் பிரித்துவிடத் தெரிந்தவள் வந்தும் அவளுக்கும் அது தோன்றவில்லை.

சின்னவளின் யோசனை எளிமையானது. கார் டிக்கியைத் திறந்தால் அதைத் தானாகத் தூக்கிப் பிடிக்கும் உருளைத் தடி ஒன்று இருக்குமே, அதில் இரண்டை நாற்காலியின் இருக்கைக்கு அடியில் வைப்பது. இருக்கையின் முன்விளிம்பில் கீல். உட்கார்ந்திருக்கும்போது ஒரு கொக்கி இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியில் உள்ள லீவரை இழுத்தால் கொக்கி விடும். தடிகள் இருக்கையின் பின்பக்கத்தை மெல்ல உயர்த்தும். உட்கார்ந்தவர் கௌரவமாக எழுந்து நிற்பார். லிஃப்ட் மெக்கானிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். எல்லாம் சரி, தூக்க வேண்டிய எடை எவ்வளவு என்று கேட்டார்.

"அறுபது கிலோ" என்றாள் சின்னவள்.

லிஃப்ட் மெக்கானிக் கூரையைப் பார்த்தார். பல் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மிச்சம், தரையில் இல்லாத ஒரு ஸ்க்ரூவைத் தேடிக் குனிந்தான். அவர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தியதற்காக ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது திட்டியிருக்கிறாள். அந்த ஜன்னலை அக்கா எந்த அளவுக்கு நிறைத்திருப்பாள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணின் எடையைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் மறுத்துப் பேச எந்த மனிதருக்குத் துணிச்சல் வரும்? சரி, அறுபது என்றார்கள்.

சின்னவளுக்கே அந்த அறுபதில் நம்பிக்கை இல்லை. அக்கா சொன்ன எண்ணும் பொய்யாகக்கூடாது, அக்காவும் எழுந்து நிற்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் இரண்டு தடிக்கு மூன்றாகப் போட்டாள். தானே உட்கார்ந்து லீவரை இழுத்துப் பார்த்தாள். நாற்காலி அவளை வெடுக்கென்று எழுப்பியது. நான் ஒரு குச்சி, எனக்கு அப்படித்தான் இருக்கும், அக்காவுக்கு அளவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இருக்கைக்கு நல்ல தடித்த துணியில் உறை தைத்துப் போட்டாள். கைப்பிடிக்கு அடித்த வார்னிஷ் காய வேண்டியிருந்தது. நாற்காலியை நடு மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் அது அங்கேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வந்தபோது நாற்காலி வீட்டுக் கூடத்தில் தயாராக இருந்தது. மிச்சம்தான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். இருக்கை மேலே எழும்பி நின்றது. அதை அழுத்திக் கொக்கியில் மாட்ட அவன் அதன் மேல் ஏறி நின்று குதிக்க வேண்டியிருந்தது. நல்ல இறுக்கமாக இருக்கிறது என்று திருப்தியோடு சொல்லிவிட்டுப் போனான். சின்னவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். தையல்காரியிடம் யாராவது இறுக்கம் என்று சொன்னால் உடனே அளவெடுத்திருப்பாள். நாற்காலி என்பதால் விட்டுவிட்டாள்.

மகன் நாற்காலியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தான். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டான். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவுக்கு நேர் எதிரே, கைகளை விரித்துத் தயாராக நின்றான். அவனுக்குப் பின்னால் கட்டில். அக்கா ராணி மாதிரி உட்கார்ந்தாள். கைத்தடியை ஓரமாகச் சாய்த்தாள். "ஏண்டி, இதைத்தானே இழுக்கணும்?" என்று சின்னவளிடம் கேட்டுவிட்டு லீவரை இழுத்தாள்.

அக்கா எழுந்தாள் என்று சொன்னால் அது பொய். பீரங்கியிலிருந்து குண்டு எழுந்தது என்று யாராவது சொல்வார்களா? டமால் என்று ஒரு சத்தம். அக்கா கூடத்தின் பாதியைத் தரையைத் தொடாமலே கடந்து, மகனையும் வாரிக்கொண்டு கட்டிலில் போய் விழுந்தாள். மகன் அடியில். உலகத்தில் அக்காவின் உண்மையான எடையை முதன்முதலில் அறிந்தவன் அவன்தான். அவன் அதைச் சொல்லும் நிலையில் இல்லை.

யாருக்கும் எதுவும் உடையவில்லை. கட்டிலுக்கு மட்டும் ஒரு கால் போயிற்று. மகன் எழுந்து, அம்மாவையும் பிடித்து நிறுத்திவிட்டு, விலா எலும்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். குரலை உயர்த்தவே இல்லை.

"சித்தி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்கன்னு தெரியுது. ஆனா இன்னைக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

சின்னவள் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். அக்காவின் துணிமணிகளை எடுத்து மடித்தாள். எல்லாமே அவள் கையால் பிரித்துவிட்டுத் தைத்தவை. அக்கா கேட்காமலேயே, தூங்கும் நேரம் பார்த்து, அரை விரல் அரை விரலாக அகலப்படுத்தி வைத்தவை. தன்னுடைய துணி எப்போதும் தனக்குச் சரியாக இருப்பதால்தான் அக்கா அறுபதைவிட்டு நகரவில்லை. இதை நினைத்ததும் சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அழுதாள்.

கூடத்தில் அக்காவின் குரல் கேட்டது. போகிற போக்கில் அந்தப் பட்டறைக்காரர்களை நாலு வார்த்தை கேட்காமல் போவதில்லை என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா தீர்மானித்துவிட்டால் தடுக்க ஆளில்லை. அவள் கைத்தடியோடு முன்னே நடக்க, மகன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னே போனான். கடைசியில் சின்னவள், துணிப் பையோடு.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பட்டறையில் நல்ல கூட்டம். அக்காவைக் கண்டதும் எல்லா மெஷினும் நின்றது. மகன் நாற்காலியை நடு மேசையில் வைத்தான். தொலைபேசி நிலையத்தில் தவறான இணைப்பு விழுந்தால் அக்கா ஒவ்வொரு இணைப்புப் பலகையாகப் பின்னோக்கிப் போய் யார் கை என்று கண்டுபிடிப்பாளாம். அதே முறையில் விசாரணை ஆரம்பமானது.

முதலில் லிஃப்ட் மெக்கானிக். சின்னவள் போட்ட மூன்று தடிகளும் கார் டிக்கிக்கானவை. அவர் அவற்றைக் கழற்றிவிட்டு வேனின் பின்கதவைத் தூக்கும் தடிகளைப் போட்டிருந்தார். அடுத்தது பல் டாக்டரம்மா. அவள் தடிகளைத் தொடவே இல்லை. கிளினிக் நாற்காலியோடு பழகியவள் என்பதால் தடிகள் மாட்டியிருந்த இடத்தைப் பின்னுக்கு நகர்த்தி, அதே தடி அதைப்போல் ஒன்றரை பங்கு தூக்கும்படி செய்திருந்தாள். மிச்சம் தன் பங்காக ஸ்கூட்டரின் சுருள் ஸ்பிரிங் ஒன்றை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். ரேடியோக் கூட்டத்திலிருந்து, யாரென்றே சின்னவளுக்குத் தெரியாத ஒருவர், தானும் ஒரு ஸ்பிரிங் போட்டதாகத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். நல்ல மனது கூடக் கூட நாற்காலியின் பலமும் கூடியிருக்கிறது.

"ஏன் செஞ்சீங்க?" என்றாள் அக்கா.

கடைசியில் மிச்சம்தான் பேசினான்.

"பெரியம்மா, அறுபதுன்னு சொன்னாங்க. நாங்க உங்களை ஜன்னல்ல பார்த்திருக்கோம்."

எங்கோ ஒரு மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அக்காவின் முகம் சிவந்தது. பல் டாக்டரம்மா, வலிக்கும் பல்லைத் தொடும் குரலில், நாற்காலியில் குறை ஒன்றுமில்லை, எண்ணில்தான் குறை என்றாள். சரியான எண் தெரிந்தால் வேண்டாததைக் கழற்றிவிட்டு மத்தியானத்துக்குள் அளவாக வைத்துவிடலாம் என்றாள். மகன் கடிகாரத்தைப் பார்த்தான்.

சின்னவள் முன்னால் வந்தாள். அழுத கண் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"வேண்டாம்க்கா. நீ சொல்ல வேண்டாம். நீ ஊருக்கே போ, பரவாயில்ல. இத்தனை பேர் முன்னாடி நீ தலைகுனியிறதை என்னால பார்க்க முடியாது."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு சுற்றும் முற்றும் தேடினாள். பழைய இரும்பை நிறுத்து விற்பதற்காகப் பட்டறைக்காரர்கள் ஒரு மேடைத் தராசு வைத்திருந்தார்கள். அதன் மேல் கம்பிச் சுருள்கள் கிடந்தன. அவற்றை எடுக்கச் சொன்னாள்.

"அங்க போய் மானத்தோட உட்கார்ந்திருக்கிறதைவிட, மானம் போனாலும் பரவாயில்லன்னு இங்க இவளோட கிடக்கிறேன்" என்றாள் மகனிடம். "கையைக் கொடுடா."

மகன் கையைக் கொடுத்தான். அக்கா தராசில் ஏறினாள். ஏறியதும் அவன் கையை விட்டாள், கைத்தடியையும் அவனிடமே கொடுத்தாள். லிஃப்ட் மெக்கானிக் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் திரும்ப வேண்டாம், எல்லோரும் பார்க்கட்டும், பார்த்தால்தான் இனி அவரவர் இஷ்டத்துக்கு மனக்கணக்குப் போட மாட்டீர்கள் என்றாள் அக்கா. முள் ஆடி ஓய்ந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். தொலைபேசி நிலையத்தில் எண்களைப் படிப்பதுபோல், ஒவ்வொன்றாக, தெருக்கோடிக்குக் கேட்கும்படி, வழக்கப்படி இரண்டு தடவை படித்தாள்.

"ஒன்பது. ஏழு. ஒன்பது, ஏழு."

"அவ்வளவுதானா?" என்றான் மிச்சம்.

அவன் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. நீ எவ்வளவு என்று நினைத்தாய் என்று அக்கா கேட்டாள். அவன் தரையில் ஸ்க்ரூ தேடப் போய்விட்டான். இந்தத் தடவை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. அக்காவும் சிரித்தாள். தராசு மேல் நின்று அவள் குலுங்கிச் சிரித்ததில் முள் பாவம், எங்கெங்கோ போய்வந்தது.

நாற்காலியைக் கவிழ்த்து எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். வேன் தடிகள் போய் டிக்கித் தடிகள் திரும்பின, ஸ்கூட்டர் ஸ்பிரிங் வெளியே வந்தது, ரேடியோக்காரர் ஸ்பிரிங் வந்தது, பல் டாக்டரம்மா நகர்த்தியதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மத்தியானம் ஆவதற்குள் அக்கா மறுபடி உட்கார்ந்தாள். மகன் எதிரே நிற்கவில்லை. அனுபவம் அவனைப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தது. சின்னவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அக்கா லீவரை இழுத்தாள். இருக்கை அவளைச் சுமந்துகொண்டு உயர்ந்தது, பெரியவர் வரும்போது எழுந்து இடம் கொடுப்பவர்போல நிதானமாக. ஒரு கையும் அவளைத் தொடவில்லை. அக்கா நின்றாள். கைப்பிடியை விட்டாள், நின்றுகொண்டே இருந்தாள்.

மகன் வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. சித்தியின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன் என்பதுபோல் வீட்டுப் பக்கமாகத் தலையை அசைத்துவிட்டு நடந்தான்.

அக்காவுக்குப் பாராட்டிப் பழக்கமில்லை. "பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் வேகமா எழுந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக்கின் கை ஸ்பேனருக்குப் போனது. பல் டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மிச்சம் தரையிலிருந்து எழுந்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனையோடு ஓரடி முன்னால் வந்தார்கள்.

வாழ்க்கையில் அக்காவைத் தவிர யாரையும் எதிர்த்துப் பேசியிராத சின்னவள், அவர்களுக்கும் நாற்காலிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"யாரும் கை வைக்காதீங்க. இது எங்க அக்காவோடது."